ஆச்சு அங்கத்தினரை நான் கொன்ற கதை

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் பாகூர் முனிசிபல் சபையில் எத்தனையோ அங்கத்தினர்கள் இருந்திருக்கிறார்கள். உயிரோடு இருந்து ஒன்றும் செய்யாதவர்களே அதிகம். செத்த பிறகும் விடாமல் வேலை பார்த்தவர் ஒருவர்தான். அவரைக் கொன்றவன் நான். ஆயுதம், ஓர் இரும்பு முள் பேனாவும் அரைப் புட்டி ஊதா மசியும்.

இதைப் படித்துவிட்டு யாரும் போலீஸுக்கு ஓட வேண்டாம். அந்தச் சர்க்கார் கப்பலேறிப் போய் வெகுகாலமாகிறது.

ஊரில் அவரை 'ஆச்சு' என்பார்கள். யார் எந்தக் குறையைச் சொல்ல வாயெடுத்தாலும், அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் "ஆச்சுன்னு வெச்சிக்கோ" என்பார். தெருவிளக்கு எரியவில்லையா? ஆச்சுன்னு வெச்சிக்கோ. சாக்கடை அடைத்துக்கொண்டதா? ஆச்சுன்னு வெச்சிக்கோ. மற்ற அங்கத்தினர்களும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்வார்கள். ஆனால் இவர் மறுநாள் காலையில் மண்வெட்டியோடு வந்து தானே சாக்கடைக்குள் இறங்கிவிடுவார்.

ஒரு கோடையில் சேலியமேட்டு அம்மாள் ஒருத்தி, "ஒரு பொட்டு மழ இல்லியே சாமி" என்று பொதுவாக அலுத்துக்கொண்டாள். இவர் பழக்கத்தில், "ஆச்சுன்னு வெச்சிக்கோ" என்றார். அன்று சாயங்காலமே கொட்டித் தீர்த்தது. அடுத்த வாரம் பூரணாங்குப்பத்திலிருந்து இரண்டு வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள், தங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கவனிக்கச் சொல்லி. அவர் கொல்லைப்புற வேலியைத் தாண்டிக் கரும்புக்குள் ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவருடைய முழுப்பெயர் எனக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான தடவை எழுதியிருக்கிறேன். இங்கே எழுத மாட்டேன். அந்தப் பெயரை எழுதி நான் பட்ட பாடு போதும்.

நான் யார் என்றால், பாகூர் மேரியில் எழுத்தர். பிரெஞ்சு இந்தியாவில் நகரசபைத் தலைவரை 'மேர்' என்பார்கள். அவர் உட்காரும் கட்டடம் 'மேரி'. எனக்கு மேரியில் வேலை கிடைத்த செய்தி வில்லியனூர் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்குப் போனதும், என் அம்மா அது மாதா கோயில் வேலை என்று நினைத்து ஒன்பது மெழுகுவத்தி ஏற்றினாள். பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றையும் பெரிய பதிவேடுகளில் பிரெஞ்சில் எழுதுவதுதான் என் உத்தியோகம். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்திருந்தேன். கவனம் என்கிற பாடத்தை மட்டும் அங்கே நடத்தவில்லை.

சேர்ந்த முதல் வருஷத்திலேயே இரண்டு தவறு செய்தேன். பனித்திட்டில் ஒரு மீனவர் வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. நான் ஒன்றைத்தான் எழுதினேன். அடுத்தது ஒரு கல்யாணம். இருபத்தேழு வயது மாப்பிள்ளையை எழுபத்திரண்டு என்று எழுதிவிட்டேன். பெண்ணின் தாய்மாமன் பத்திரத்தை எவனிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அரிவாளோடு மேரிக்கு வந்தார். மேர் அவரைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்து என்னைப் பார்த்தார். யாரையும் அவர் பிரெஞ்சு மரியாதைப்படி 'முசே', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்.

"முசே, ரெண்டு ஆயிடுச்சி. மூணாவது ஒண்ணு ஆச்சின்னா, அன்னிக்கே மூட்டையக் கட்டிடணும். புரியுதா?"

புரிந்தது. எனக்குக் காணி நிலம் கிடையாது. வேறு தொழிலும் தெரியாது. அப்போதுதான் கல்யாணமாகி, என் மனைவி ஞானத்தைக் கூட்டிக்கொண்டு வந்து ஆச்சுவின் தெருவில் ஒரு கூரை வீட்டில் குடியிருந்தேன். அந்தத் தெருவில் எல்லாரும் அவரை மாமா என்றார்கள். நாங்களும் மாமா என்றோம்.

சட்டப்படி அங்கத்தினர்கள் கொம்யூன் முழுமைக்கும், அதாவது சபைக்கு உட்பட்ட எல்லா ஊர்களுக்கும், பொது. எங்கள் நான்கு தெருக்காரர்களுக்கு அந்தச் சட்டம் தெரியாது. ஆச்சு எங்கள் ஆள், அவ்வளவுதான். அவருக்கும் மற்ற ஊர்கள் இருப்பது வரி வசூல் காலத்தில் மட்டும் நினைவுக்கு வரும்.

சபை கூடும் நாளில் வேட்டிக்கு மேல், சட்டை இல்லாமல், ஒரு கறுப்புக் கோட்டு மாட்டிக்கொள்வார். ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவர் கொடுத்தது. பித்தளைப் பொத்தான்கள் பளபளக்கும். பங்குனி வெயிலில் உள்ளே அவர் வேர்க்கடலை மாதிரி வெந்துகொண்டிருப்பார். கூட்டம் முழுக்கப் பிரெஞ்சில் நடக்கும். அவருக்கு அந்தப் பாஷையில் தெரிந்தது வணக்கம் சொல்ல ஒரு வார்த்தை. அதையும் போகும்போதுதான் சொல்வார். தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னால் தூக்குவார். எதிர்ப்பவர்கள் தூக்குங்கள் என்றாலும் தூக்குவார்.

"இன்னா மாமா, ரெண்டு பக்கமும் தூக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் நமக்கு வேண்டியவங்கதானே தம்பி. ஒருத்தனுக்குத் தூக்கிட்டு இன்னொருத்தனுக்குத் தூக்கலன்னா மனசு நோவாதா?"

அதன் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. கூட்டக் குறிப்பு எழுத நான் அவருக்குப் பின்னால் உட்காருவேன். பென்சிலால் முதுகில் ஒரு குத்து என்றால் கை தூக்க வேண்டும்; இரண்டு குத்து என்றால் சும்மா இருக்க வேண்டும். ஏழெட்டுக் கூட்டம் நன்றாகத்தான் நடந்தது. ஒருநாள் எனக்குத் தும்மல் வந்தது. தும்மிய வேகத்தில் பென்சில் போய்க் குத்த, அவர் கை தூக்க, அந்த ஒரு கையால் ஒரு தீர்மானம் நிறைவேறிவிட்டது. வெள்ளாமையில் மேய்ந்து பிடிபடும் மாடுகளை அடைக்கிற பட்டியை எந்தத் தெருவில் வைப்பது என்பது பற்றிய தீர்மானம். எங்கள் தெருவில் வைப்பதாக முடிவாயிற்று. அவர் வீட்டுக்கு நேர் எதிரில்.

"மாமா, தப்பு என்னுதுதான். மேர்கிட்ட சொல்லி மாத்திடலாம்" என்றேன்.

"தூக்கின கைய எறக்கினா அசிங்கம்டா. வுடு. பாலு வாங்க தூரம் போவ வேணாம்."

பிடிபட்ட மாடுகளில் முக்கால்வாசி காளைகள். இரவும் பகலும் அவை கத்திய கத்தலில் தெருவே தூக்கமில்லாமல் சிவந்த கண்ணோடு திரிந்தது. ஆச்சு ஒருவரிடமும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அங்கத்தினராக அவர் செய்த பெரிய காரியம் வேறு. எங்கள் தெருக்காரர்களுக்கு மேரி என்றால் பயம். உள்ளே போனால் வரி போடுவார்கள், ரேகை எடுப்பார்கள், கப்பலில் ஏற்றி எங்காவது அனுப்பிவிடுவார்கள் என்று நினைப்பு. பிள்ளை பிறந்தாலும் பதிய மாட்டார்கள், பெரியவர் செத்தாலும் பதிய மாட்டார்கள். அதனால் ஆச்சுவே எல்லாவற்றையும் தெரிந்து வைத்துக்கொண்டு, எல்லாருக்காகவும் தானே வந்து அறிவிப்பார். மாசமாக இருக்கும் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் தெருவிலிருந்தே குரல் கொடுப்பார்.

"ஏம்மா, பொறந்துதா?"

"இன்னும் ரெண்டு மாசம் ஆவும் மாமா!"

"சட்டுனு ஆவட்டும். எழுத்துத் தம்பி காத்துக்கினு கெடக்காரு!"

பிறந்த மூன்றாம் நாளுக்குள் பெயரோடு பதிய வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஊரில் மூன்றாம் நாளில் யார் பெயர் வைப்பார்கள்? அவரே அங்கே நின்றபடி ஒரு பெயர் சொல்வார். பெரும்பாலும் அவருடைய குலதெய்வத்தின் பெயர். அந்த வகையில் எங்கள் தெருவில் பதினெட்டு முனுசாமிகள் இருந்தார்கள். அதில் பதினேழு பேருக்குத் தாங்கள் முனுசாமி என்பது தெரியாது.

ஆக, என் பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் அவர் பெயர்தான். 'இன்னார், வயது ஐம்பத்திரண்டு, முனிசிபல் அங்கத்தினர், நம் முன் நேரில் தோன்றி' என்று ஆரம்பிக்கும். எழுதி எழுதி என் கை அந்தப் பெயரை என்னைக் கேட்காமலே எழுதப் பழகிவிட்டது. அங்கேதான் வந்தது வினை.

ஐப்பசி மாதம் ஒரு சனிக்கிழமை. எங்கள் தெரு வண்டிக்கார மாணிக்கம் முந்தின நாள் சாயங்காலம் காலமாகிவிட்டார். ஆச்சு இரண்டு சாட்சிகளோடு வந்து நின்றார். அன்று மத்தியானம் ஞானம் வைத்த மீன்குழம்பைக் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டிருந்தேன். அவர் ஏரி மதகு பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நானும் தலையாட்டிக்கொண்டே எழுதினேன். எழுதி முடித்ததைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். வழக்கம்போல் புயல் வேகத்தில் பிரெஞ்சில் படித்தேன். வழக்கம்போல் அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லா வந்துருக்கு தம்பி" என்றார். கையெழுத்துப் போட்டார். மேரும் போட்டார்.

மூன்று மாதம் கழிந்தது. தேர்தல் வந்தது.

அந்தத் தேர்தலில் ஆச்சு ஜெயித்தாக வேண்டும். காரணம் ஒரு பாலம். எங்கள் தெருக்கோடியில் ஏரி உபரித் தண்ணீர் போகும் வாய்க்கால். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர். பள்ளிக்கூடம், வைத்தியசாலை, சுடுகாடு மூன்றும் அக்கரையில். பிள்ளைகளையும் நோயாளிகளையும் பிணங்களையும் ஒரே மாதிரிதான் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆறு வருஷம் முட்டி மோதி, அடுத்த சபையில் அதற்குக் கல் ஒதுக்குவதாக மேர் வாயிலிருந்து வார்த்தை வாங்கியிருந்தார் ஆச்சு. அதே கல்லின்மேல் கண் வைத்திருந்தார் ரைஸ்மில்காரர். அவருக்கு மில் வாசல் வரை ரஸ்தா போட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆச்சுவை எதிர்த்து நின்றவரும் அவரே.

இங்கே எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் செத்தவர்களை அடிக்கிற வழக்கம் கிடையாது. அவர்கள்தான் நம்பகமான வாக்காளர்கள். மனசு மாற மாட்டார்கள், மத்தியானத்துக்குள் வந்து போட்டுவிடுவார்கள். அந்த வருஷம் மட்டும், செத்தவர்களை அடித்தே ஆக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கண்டிப்பான உத்தரவு. நானும் சாவுப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர் யாருடையது என்று யோசிக்காமல், சிவப்பு மசியில் ரூல்தடி வைத்து அழகாக அடித்தேன். மறுநாளே ஒவ்வொரு கட்சிக்காரரும் வந்து, தங்கள் தங்கள் செத்தவர்களுக்காக மேரிடம் மன்றாடித் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மன்றாட ஆளில்லாமல் ஒரே ஒரு பெயர் மட்டும் அடிபட்டபடி நின்றது.

பட்டியலை மேரி வராந்தாவில் ஒட்டிய அன்று ஆச்சு உள்ளே வந்தார்.

"தம்பி, பட்டியல்ல எம் பேரு இல்லியாமே? ரைஸ்மில்காரன் சிரிச்சிக்கினு போறான்."

"இல்லாம எங்க மாமா போவும்? இருங்க, பாக்கறன்."

பார்த்தேன். சிவப்புக் கோடு. பதிவேட்டை எடுத்தேன். பக்கத்தைப் புரட்டினேன். ஐப்பசியில் ஒரு பதிவின்மேல் விரலை வைத்தேன்.

"இன்னா போட்டுக் கெடக்கு?"

"மாமா... நீங்க செத்துட்டீங்க."

"எப்போ?"

"ஐப்பசியில. வெள்ளிக்கெழம சாயங்காலம் நாலு மணிக்கி."

"வெள்ளிக்கெழமையா? அன்னிக்கி நான் ஏரிக்கரையில மதகு பாத்துக்கினு இல்ல இருந்தன்? எவன் வந்து சொன்னான்?"

"நீங்கதான் மாமா."

"நானா?"

"நீங்களே நேர்ல வந்து, நேத்து சாயங்காலம் நான் செத்துட்டன்னு சொல்லி, படிச்சிக் காட்டினதைக் கேட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

மாணிக்கம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் கை இரண்டாவது தடவையும் ஆச்சுவின் பெயரையே எழுதிவிட்டிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆச்சு கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, பாகூர்ல அத்தினி செத்தவனும் ஓட்டுப் போடறான். நான் ஒருத்தன் நிக்கக் கூடாதாடா?"

நின்றிருக்க முடியாது. பதிவேட்டில் எழுதியதை மேரே நினைத்தாலும் மாற்ற முடியாது. புதுச்சேரிக் கோர்ட்டுத் தீர்ப்பு வேண்டும். தானும் கையெழுத்துப் போட்ட பக்கம் என்பதால், கோர்ட்டு கேட்காதவரை மேர் அதைத் தவறு என்று ஒப்புக்கொள்ளப் போவதில்லை. தெருவே திரண்டு, "மாமா, நாளைக்கே போயி உசுரு வாங்கிக்கினு வாங்க" என்று வழியனுப்பியது. செத்த மாணிக்கத்தின் வண்டியிலேயே புறப்பட்டோம். அவருடைய தம்பி ஓட்டினார். பதிவேட்டின் நகலோடு நானும் போனேன்.

பாகூரிலிருந்து புதுச்சேரி போக வேண்டுமானால் நடுவில் இங்கிலீஷ்காரன் மண்ணைக் கொஞ்சம் மிதித்துத்தான் போக வேண்டும். எல்லைக்கல் தாண்டியதும் ஆச்சு வண்டியை நிறுத்தச் சொல்லிக் குதித்தார்.

"தம்பி, உம் பதிவேடு இங்க செல்லுமா?"

"செல்லாது மாமா. இது பிரிட்டிஷ்."

"அப்போ இங்க நான் உசுரோட இருக்கன். சோத்து மூட்டைய அவுரு."

புளியமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார். மெதுவாகச் சாப்பிட்டார். "அந்தாண்ட போனா மறுபடி செத்துடுவன். இன்னும் ஒரு உருண்ட வெய்யி" என்று மூன்று தடவை சொன்னார். இரண்டு ராஜ்யங்களில் ஒன்றிலாவது உயிரோடு இருக்கிறவன் ஏன் கவலைப்பட வேண்டும் என்று வண்டிக்காரருக்கு விளக்கினார். நான் என் பங்குச் சோற்றை வண்டி மாட்டுக்கு வைத்தேன்.

புதுச்சேரியில் வக்கீல் நகலைப் படித்தார். கறுப்பு அங்கியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு ஒரு மனு எழுதிக் கையில் கொடுத்தார்.

"கோர்ட்ல குடுத்துடுங்க. ஒரு மாசத்துல உங்களுக்கு உசுரு வந்துடும். தேர்தலுக்கு முன்னாடியே வந்துடும்."

"நல்லது சாமி."

"கூடவே ஒரு விசாரண நடக்கும். எழுதினது எந்த முட்டாள்னு கேப்பாங்க. அவனுக்கு அன்னியோட வேல காலி."

அந்த முட்டாள் பக்கத்து பெஞ்சில் குடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வக்கீலுக்குத் தெரியாது. ஆச்சு திரும்பி என்னைப் பார்த்தார். ஞானத்துக்கு அப்போது ஆறாவது மாசம்.

"எழுதினவன வுட்டுட்டு, என்னிய மட்டும் எழுப்ப முடியாதா சாமி?"

"முடியாது. தப்பு நடந்துச்சின்னு நிரூபிச்சாத்தானே நீங்க உசுரோட இருக்கறது நெசம்னு ஆவும்?"

கோர்ட்டு வாசல்படி வரை போனோம். அங்கே ஒரு வேப்பமரம். ஆச்சு அதன் நிழலில் நின்று மனுவை நாலாக மடித்துக் கோட்டுக்குள் வைத்தார்.

"வா, போலாம்."

"மாமா, குடுத்துட்டு வந்துடுங்க."

நான் அதைச் சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஒரு தடவை சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னேன் என்றால், என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை உரக்கச் சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாம். நான் குடையை விரித்தேன்.

"இன்னாடா மூஞ்சி இது? செத்தது நானு. எழவு வூட்டுக்காரன் மாரி நீ ஏன் நிக்கற?" என்றார்.

"பாலம் மாமா..."

"பாலத்துக்கு வாய்க்கா இருந்தா போதும். அது எங்க ஓடிப்போவப் போவுது? நட."

தெருவுக்குத் திரும்பியதும், "கோர்ட்டுக்கு லீவு. வெள்ளக்காரன் எப்ப லீவு வுடுவான், எப்பத் தொறப்பான்னு யாரு கண்டா?" என்று எல்லாரிடமும் சொன்னார். வண்டிக்காரரும் ஆமாம் என்று தலையாட்டினார். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தேர்தலன்று மேஜையில் பட்டியலை வைத்துக்கொண்டு நான்தான் பெயர் கூப்பிட்டேன். அந்தக் காலத்தில் ஆண்களுக்கு மட்டும்தான் ஓட்டு. பெயர் எழுதிய சீட்டை மடித்துப் பெட்டியில் போட வேண்டும். மத்தியானம் "மாணிக்கம்!" என்று கூப்பிட்டேன். பதிவேட்டின்படி அவர் சாகவில்லையே. புது மீசையோடு ஒரு ஆள் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனான். வாசலில் நின்றிருந்த ஆச்சு அவனைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வா மாணிக்கம். சொகமா? பத்தியத்துல எலச்சிப் பூட்டியே!"

அவன் ஓடிய ஓட்டத்தில் மீசை வராந்தாவில் விழுந்துவிட்டது.

பெட்டியைத் திறந்து எண்ணினோம். எங்கள் நான்கு தெருச் சீட்டிலும் ஆச்சுவின் பெயர்தான் இருந்தது. இறந்தவர் பெயர் எழுதிய சீட்டு செல்லாது என்று மேர் ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டார். மேஜைமேல் மிஞ்சியது கொஞ்சம், கூடை நிரம்பிவிட்டது. ரைஸ்மில்காரர் ஜெயித்தார்.

அதோடு எங்கள் அங்கத்தினர் ஓய்ந்துவிட்டார் என்று நினைப்பீர்கள். அதன் பிறகுதான் மனிதருக்கு வேகமே வந்தது. சபைக் கூட்டத்தை வேடிக்கை பார்க்கப் பொதுஜனங்களுக்கு ஒரு பெஞ்சு உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து அதில் உட்கார்ந்தார். ஓட்டெடுப்பு வந்தால் கை தூக்கினார்.

"உமக்கு ஓட்டு இல்ல முசே" என்பார் மேர்.

"தெரியும் மேர். கை கேக்க மாட்டன்னுது."

அடுத்த மழைக்காலம் முழுவதும் வாய்க்காலில் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி அக்கரையில் விட்டார். விட்ட கையோடு ஒவ்வொரு பிள்ளையையும், ரைஸ்மில் வாசலில் போய் நின்று "அங்கத்தினருக்கு வணக்கம், நனஞ்சி பூட்டம்!" என்று சொல்லிவிட்டுப் போகச் சொன்னார். காலையில் நாற்பது பிள்ளைகள், சாயங்காலம் நாற்பது பிள்ளைகள். ரைஸ்மில்காரர் இருபது நாள் தாங்கினார். இருபத்தோராம் நாள் அவரே எழுந்து, எங்கள் வாய்க்காலுக்குப் பாலம் கட்ட வேண்டும் என்று சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அன்று பொது பெஞ்சிலிருந்து இரண்டு கையும் தூக்கிக்கொண்டு நின்றவர் ஆச்சு. பாலத்தின் கல்லில் ரைஸ்மில்காரர் பெயர்தான் இருக்கிறது.

என் வேலை பிழைத்தது. அந்த வேலையில் எனக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். நான்கு பேருடைய பிறப்புப் பதிவிலும் முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருப்பவர் ஆச்சு. சட்டப்படி பார்த்தால் செத்தவன் சாட்சி. தெருவில் உயிரோடு எத்தனையோ பேர் இருந்தார்கள். எனக்கு வேறு ஆள் தேடத் தோன்றவில்லை. கடைசிப் பையனுக்குப் பெயர் யோசிக்கவில்லை என்று சொன்னபோது, அவர் உடனே ஒன்று சொன்னார். ஆகவே எங்கள் கிறிஸ்தவக் குடும்பத்திலும் ஒரு முனுசாமி உண்டு. அவன் இதைப் படிக்க மாட்டான் என்று நம்புகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு ஒரு தை மாதம் அவர் நிஜமாகவே காலமானார். மூன்று நாள் காய்ச்சல். அவர் கட்டாத பாலத்தின் வழியாகக் கால் நனையாமல் கொண்டுபோனோம். மறுநாள் தெருக்காரர்கள் நான்கு பேர், ஒருவரும் கூட்டி வராமல், பயப்படாமல், தாங்களாகவே மேரிக்கு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார்கள்.

"மாமா சாவ எழுதணும் தம்பி."

எழுத முடியாது. பதிவேட்டின்படி அவர் செத்துப் பல வருஷமாகிறது. ஒருவரை இரண்டு தடவை சாகடிக்கச் சட்டத்தில் இடமில்லை. "அது எப்பவோ எழுதியாச்சி. நீங்க போங்க" என்றேன். அவர்கள் போனார்கள்.

சாவுப் பதிவேட்டில் ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் நடுவில் ஒரு வரிகூடக் காலியாக விடக்கூடாது. யாராவது பிற்பாடு எதையாவது நுழைத்து எழுதிவிடுவார்கள் என்று சர்க்காருக்குப் பயம். எழுத்தர்களை அதற்காகவே வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அன்று அந்தப் பதிவேட்டைத் திறந்தேன். பிறகு ஒரு பதிவுக்கு எத்தனை வரி பிடிக்குமோ அத்தனை வரியை எண்ணி விட்டுவிட்டு, அதற்குக் கீழே, வேறு யாரோ ஒருவருடைய சாவை எழுதினேன்.

சாயங்காலம் கையெழுத்துப் போட வந்த மேர், அவர் ஊருக்குப் புதியவர், பேனாவை நிறுத்தினார்.

"இன்னா முசே, இங்க இம்மாம் எடம் காலியா கெடக்கு?"

"தப்பு ஆயிடுச்சி மேர்."

அவர் என்னையும் அந்த இடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். என் வயசைப் பார்த்தோ என்னவோ, கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

அந்த உத்தியோகத்தில் நான் செய்த தவறுகளுக்குக் கணக்கில்லை. நிதானமாக, தெரிந்தே செய்தது அது ஒன்றுதான்.